தவறின் விலையை ஒருவர் கட்டினால் போதும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான், செந்தூல், பூச்சோங் பக்கத்துத் தாமான்களைச் சுற்றி வந்தால், ஏதாவது ஒரு வீட்டு போர்ச்சில் நாற்பது ஐம்பது வயதான கார் ஒன்று பானெட் திறந்து நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர். வாரமெல்லாம் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாளையும் பழைய காருக்குக் கொடுக்கிற மனிதர். இந்த மாத ஆசிரியர் பக்கம் அவரைப் போன்றவர்களுக்காக. அவர்களோடு சேர்ந்து அந்தச் செலவையும் சத்தத்தையும் சுமக்கும் குடும்பத்தாருக்காகவும்தான்.

மலேசியத் தமிழர்களுக்குக் கார் என்பது ஒரு தலைமுறையின் உயர்வைச் சொல்லும் பொருளாக இருந்திருக்கிறது. தோட்டத்து டிரஸ்ஸர், பெரிய கிராணி, பள்ளித் தலைமையாசிரியர், ரயில்வே குமாஸ்தா என்று மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை ஆசை ஆசையாய் வாங்கிய கார்களில் மோரிஸ் மைனருக்குத் தனி இடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன்பின் டட்சன் 120ஒய் வந்தது. 1985 ஜூலை 9ஆம் தேதி புரோட்டோன் சாகா வந்தது. முதல் சாகாவை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய தேசிய அரும்பொருளகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சாகாவுக்கே இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. அப்பா ஓட்டிய குடும்பக் கார், பிள்ளை சீரமைக்கும் பழம்பெரும் காராகிவிட்டது.

சீரமைத்து முடித்த கார்களின் படங்கள் நமக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. பளபளக்கும் பெயிண்ட், புதுத் தோல் இருக்கை, திருமண ஊர்வலத்துக்கு ரோஜா மாலை போட்ட பானெட். அந்தக் கார் அங்கே வந்து சேர்வதற்குள் எத்தனை ஆயிரம் வெள்ளி தவறுகளில் கரைந்தது, எந்தத் தவறால் எட்டு மாதம் வேலை நின்றது, எதைத் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் ஷா ஆலாமில் ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டதை, அடுத்த ஆண்டு செந்தூலில் இன்னொருவர் அதே விலை கொடுத்து மறுபடி தெரிந்துகொள்கிறார். ஒரு சமூகமாக நாம் ஒரே தவறுக்குப் பலமுறை பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இது மாற வேண்டும்.

முதல் தவறு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கார் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். வாகனப் பதிவுச் சான்றான கிராண்ட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஆர்வத்தில் எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். காலமானவர் பெயரிலிருந்து கார் மாறுவதற்கு, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் யாருக்கு என்று காட்டும் ஆவணம் வேண்டும். அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ அதைப் பெற வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற மையத்தில் வாகனப் பரிசோதனையும் உண்டு. அங்கே சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். துருப்பிடித்த தகடு என்று வெட்டி எறிந்த துண்டில்தான் சேஸிஸ் எண் இருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தும் பயனில்லை. எஞ்சினை மாற்றினாலும், நிறத்தை மாற்றினாலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.க்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே காகிதம் முதலில், கார் பிறகு. சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, படம் எடுத்து, அந்த இடத்தில் யாரும் கிரைண்டரை வைக்காதபடி குறித்து வையுங்கள். கட்டாயம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

இரண்டாவது, துரு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. காற்றில் எப்போதும் ஈரம். துறைமுகப் பக்கம் குடியிருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் துருவின் மேல் புட்டி பூசி, அதன் மேல் பெயிண்ட் அடிப்பதைப் போல வீண் செலவு வேறில்லை. புட்டி ஈரத்தை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாமல் தகடு உள்ளிருந்தே அரிக்கும். ஓரிரு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளம் விடும்; சுரண்டிப் பார்த்தால் முன்னைவிடப் பெரிய ஓட்டை இருக்கும். கார் வாங்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டின் மேல் தடித்த புட்டி இருக்கும், அல்லது தகடே இருக்காது. விலை பேசும்போது இந்த ஒரு சோதனை பல ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தும்.

சில் பகுதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோரிஸ் மைனர், டட்சன், சாகா போன்ற கார்களுக்கு லாரியைப் போலத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. தகட்டு உடம்பே காரின் பாரத்தைத் தாங்குகிறது. சில், தாங்கு சுவர் மாதிரி. அரித்துப்போனது என்று அதை முழுசாக வெட்டி எடுத்துவிட்டால், கதவு இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் சில மில்லிமீட்டர் நெளிந்துவிடும். புதுத் தகட்டை அந்த நிலையிலேயே வெல்டிங் செய்துவிட்டால், கதவு அதற்குப் பிறகு ஒருநாளும் சரியாக மூடாது. அனுபவசாலிகள் வெட்டுவதற்கு முன்னால் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுவார்கள். வெல்டிங்கின் நடுவில் கதவைத் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்ப்பார்கள். குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம். அதை விட்டதற்கு ஆகும் செலவு மொத்தக் கார்.

மூன்றாவது, வரிசை தவறுவது. கையில் பணம் இருக்கும்போது எல்லாருக்கும் பெயிண்ட்தான் முதலில் தோன்றும். வெளியே தெரிவது அதுதானே. ஆனால் மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் என்ற பாகத்துக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று, சக்கரம் மடிந்து விழும். அந்தக் காரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பல ஆண்டு நின்ற காரில் அந்த எண்ணெயை நம்பி மலைச் சாலையில் இறங்கக் கூடாது. பெயிண்ட் அடித்து முடித்த பிறகு இந்த வேலைகளைத் தொடங்கினால் இன்னொரு நஷ்டமும் உண்டு: பிரேக் எண்ணெய் சிந்தினால் புதுப் பெயிண்ட் உரிந்து வந்துவிடும். முதலில் தகடு, அடுத்து பிரேக்கும் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும், பிறகு எஞ்சின், வயரிங், கடைசியாகப் பெயிண்ட். இந்த வரிசை பொறுமையைச் சோதிக்கும். ஆனால் பணத்தைக் காப்பாற்றும்.

நான்காவது தவறு மிகச் சிறியது. அதனால்தான் எல்லோரும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களின் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. பதினாறில் ஐந்து பங்கு அங்குலம் என்றால் விட்டம் 7.94 மில்லிமீட்டர். இன்று எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிற எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை அதன் பக்கத்தில் வையுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரை மட்டும் வேறு. பழைய போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 24 மரை. புதியதில் இருபது சொச்சம். புது போல்ட் பழைய துளையில் ஓரிரு சுற்று விரலாலேயே இறங்கும். பிறகு இறுகும். 'கொஞ்சம் துரு இருக்கும் போல' என்று நினைத்து ஸ்பேனரை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினால், எஞ்சின் பிளாக்கில் அறுபது ஆண்டு இருந்த மரை அந்த ஒரு நொடியில் போய்விடும். அதன் பிறகு பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளையைப் பெரிதாக்கி, உள்ளே புதுச் சுருள் மரை செருக வேண்டும். மரை அளக்கும் கேஜ் ஒன்று கருவிப்பெட்டியில் இருந்தால் இது நடக்காது. விரலால் இறங்காத போல்ட்டை எந்தக் கருவியாலும் இறக்கக் கூடாது. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஐந்தாவது, நெடுநாள் நின்ற எஞ்சினை எழுப்பும் அவசரம். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம் என்பது புரிகிறது. ஆனால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருந்தால், பேட்டரியின் பலத்தில் சுற்ற வைக்கும்போது உடைவது அந்த வளையங்கள்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, நாள் கணக்கில் ஊறவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலையும் பழைய எஞ்சின் எண்ணெயையும் முதலில் இறக்கிவிட வேண்டும். பேட்டரி இணைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. டைனமோ பொருத்திய மோரிஸ் மைனரில் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு இது நேர்மாறு. பழக்க தோஷத்தில் நெகட்டிவ் முனைதான் உடம்போடு இருக்கும் என்று எண்ணி, புதிதாக மாட்டிய ரேடியோவைப் பலிகொடுத்தவர்கள் உண்டு.

இதே அவசரம் வெள்ளத்தில் நின்ற காரிலும் ஆகாது. 2021 டிசம்பர் 18 வெள்ளத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மறக்கவே முடியாது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளே மூழ்கின. உயிரிழப்புக்கும் வீடிழப்புக்கும் முன்னால் கார் பெரிதல்ல. இருந்தாலும் வெள்ளத்துக்குப் பிறகு காருக்கு எது செய்யக் கூடாது என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய பாடம். நீரில் நின்ற காரை, ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். நனைந்த எஞ்சினைக் காப்பாற்றலாம். நனைந்த நிலையில் ஸ்டார்ட் செய்த எஞ்சினைக் காப்பாற்றுவது மிகக் கடினம். பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, தண்ணீரை வெளியேற்றி, எல்லா எண்ணெய்களையும் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு போகிற தவறுகள். உயிரைக் கேட்கிற தவறுகளும் இருக்கின்றன. அவற்றைப் பட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடையாது. பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் தெரசு வீட்டு போர்ச்சுகள், மழைநீர் வடிவதற்காகச் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். தரையில் வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருப்போம். அந்த இடத்தில் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். ஜாக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். ஸ்டாண்டு காரின் உறுதியான தகட்டில் நிற்க வேண்டும். துரு தின்ற இடத்தில் வைத்தால் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கிக் காரை நிறுத்தவே கூடாது. பாரம் ஏறும்போது செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் காருக்கு அடியில் போகாதீர்கள்.

பெட்ரோல் டாங்க்கில் ஓட்டை என்று வீட்டிலேயே வெல்டிங் வைக்காதீர்கள். காலி டாங்க்கில் தேங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் நிரந்தரமான ஆஸ்துமா வரக்கூடும். மூக்கை மூடும் சாதாரண முகக்கவசம் காப்பாற்றாது. சுவர் ஒட்டிய வீடுகளில் அடுத்த வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. அந்த வேலையை ஸ்பிரே அறையும் உரிய பாதுகாப்பும் உள்ள பட்டறையிடம் கொடுத்துவிடுவதே மரியாதை.

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் பயந்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிடக் கூடாது. கழற்றிப் பார்த்துக் கற்ற மரபு நம்முடையது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, முழுவதும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கிய அவருடைய போக்குவரத்து நிறுவனம் பெரிதாக வளர்ந்தது. இன்று அவருடைய குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் கோவையில் இருக்கிறது. நம் ஊரிலும் செந்தூல் ரயில்வே பட்டறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இரும்பைக் கையாண்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைகளின் திறமை தெரியும். அந்தத் திறமையில் எவ்வளவோ, எழுதப்படாமல் அந்தப் பெரியவர்களோடு போய்விட்டது. இருக்கிறவர்களிடமாவது கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

தவறுகளைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு துறையே எப்படிப் பாதுகாப்பாகிறது என்பதற்கு விமானத் துறை நல்ல சான்று. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் மற்றவர்களும் தாங்கள் செய்த தவறுகளையும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் நாசா நடத்தும் அமைப்புக்கு எழுதி அனுப்புகிறார்கள். அனுப்பியவர் பெயர் நீக்கப்பட்டு, பாடம் மட்டும் எல்லோருக்கும் போகிறது. ஒருவர் பிழைத்த கதை, முன்பின் தெரியாத இன்னொருவரைக் காப்பாற்றுகிறது. கார் சீரமைப்பவர்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அந்த நோட்டில் எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியம். 'இனி கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் அதனால் யாருக்கும் பயன் இல்லை. என்ன நடந்தது, எவ்வளவு செலவானது என்பதோடு, அந்த நேரத்தில் மனத்தில் என்ன நினைத்தோம் என்பதையும் எழுத வேண்டும். 'இரண்டு போல்ட்டும் ஒரே அளவு என்று நினைத்தேன்', 'கிராண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்', 'ஐந்து நிமிட வேலைக்கு ஸ்டாண்டு எதற்கு என்று நினைத்தேன்'. தவறு பிறப்பது அந்த நினைப்பில்தான். அந்த நினைப்பை எழுதி வைத்தால், அடுத்தவர் மனத்தில் அதே நினைப்பு எழும்போது அவர் நிறுத்திவிடுவார்.

அதே நோட்டில் வீட்டுக் கணக்கும் இருக்கட்டும். சீரமைத்த கார் பல நேரங்களில் அதற்குக் கொட்டிய பணத்துக்கு விலை போகாது. அன்புக்காகச் செய்கிறோம் என்றால் அதில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு வரைக்கும் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே மனைவியோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் நிற்கும் காரை, 'இவ்வளவு போட்டாச்சே' என்ற ஒரே காரணத்துக்காகத் தொடராதீர்கள். போட்ட பணம் திரும்பாது. போடப் போகிற பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. தகுந்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகுவதும் அந்தக் காருக்குச் செய்யும் நல்லதுதான்.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் போர்ச்சில் நடந்த தவறை எழுதி அனுப்புங்கள். என்ன கார், என்ன வேலை, என்ன நினைத்தீர்கள், என்ன ஆனது, எத்தனை வெள்ளி போனது, இப்போது எப்படிச் செய்வீர்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். கடையையும் போமெனையும் குறை சொல்லும் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை; நம் கையால் நடந்ததை மட்டும் பேசுவோம். எழுதக் கை வராத பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதங்களை முதலில் வெளியிடுவோம்.

உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்